செடான், 1870: மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியை முடித்தது போர்க்களமா, பாரிஸா?

தொடுவானம் எழுதியது:

பிரான்ஸுக்கும் பிரஷ்யா தலைமையிலான ஜெர்மானிய நாடுகளுக்கும் இடையே நடந்த யுத்தத்தில், 1870 செப்டம்பர் 1ஆம் நாள், பெல்ஜிய எல்லைக்கு மிக அருகே, மியூஸ் ஆற்றின் வளைவில் அமைந்த செடான் என்னும் பழைய கோட்டை நகரைச் சுற்றி நடந்த போரைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். ஒரே பகலில் பிரான்ஸின் ஒரு படை முழுவதும் சுற்றி வளைக்கப்பட்டது. மறுநாள் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மின் கைதியானார். செப்டம்பர் 4ஆம் நாள் பாரிஸில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே 8ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் அந்தப் பேரரசருக்கு ஆதரவாகச் சுமார் 73 லட்சம் பேரும் எதிராகச் சுமார் 15 லட்சம் பேரும் வாக்களித்திருந்தனர் என்பதை நினைவில் கொண்டால், நான்கே மாதங்களில் நேர்ந்த இந்தச் சரிவின் ஆழம் புரியும்.

பொதுவாக இந்தத் தோல்விக்கு ஜெர்மானிய க்ருப் நிறுவனத்தின் எஃகுப் பீரங்கிகளையும் பிரஷ்யத் தளபதி மோல்ட்கேயின் போர்த் திறமையையும் காரணமாகக் காட்டுவார்கள். இரண்டும் உண்மையே. ஆயினும், அந்தப் படை ஏன் செடானில் இருந்தது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. ஆகஸ்ட் 17ஆம் நாள் ஷாலோன் முகாமில் பேரரசரும் தளபதிகளும் கூடியபோது, படை பாரிஸை நோக்கிப் பின்வாங்கித் தலைநகரின் கோட்டைகளுக்கு முன்னால் நின்று போரிட வேண்டும், ஜெனரல் ட்ரோஷு பாரிஸின் ஆளுநராக வேண்டும், பேரரசரும் தலைநகருக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. படைத்துறை நோக்கில் இதைவிட நல்ல திட்டம் அப்போது அவர்களிடம் இல்லை. ஆனால் பாரிஸில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த பேரரசி யூஜினியும், போர் அமைச்சரும் அரசின் தலைவருமான பாலிகாவோவும் இதை ஏற்கவில்லை. தோற்ற பேரரசர் வெறுங்கையுடன் தலைநகருக்குள் வந்தால் மக்கள் கிளர்ந்தெழுவார்கள் என்று அவர்கள் அஞ்சினர். மறுநாளே கிராவலோட் போருக்குப் பின் பிரான்ஸின் மற்றொரு படையை நடத்திய மார்ஷல் பசேன் தம் படையோடு மெட்ஸ் கோட்டைக்குள் அடைபட்டார். அவரை மீட்பதே ஷாலோன் படையின் தலைவரான மார்ஷல் மக்மகோனின் கடமை என்று பாரிஸ் வற்புறுத்தியது.

மக்மகோன் தயங்கினார். ஆகஸ்ட் 21ஆம் நாள் ஷாலோனை விட்டு ரெய்ம்ஸுக்கு வந்தபோதும் பாரிஸுக்குத் திரும்புவதே அவர் எண்ணம். பசேன் வடக்கு வழியாக மோன்மெடியை நோக்கி வெளியேறக்கூடும் என்ற செய்தி 22ஆம் நாள் வந்த பிறகே அவர் மனம் மாறினார். 27ஆம் நாள், எதிரி நெருங்கிவிட்டதையும் பசேன் நகரவே இல்லை என்பதையும் அறிந்து, மேற்கே மெசியேருக்குப் பின்வாங்க ஆணையிட்டார். பசேனைக் கைவிட்டால் பாரிஸில் புரட்சி வெடிக்கும் என்று அன்று இரவே பாலிகாவோவிடமிருந்து தந்தி வந்தது. மக்மகோன் தம் ஆணையைத் திரும்பப் பெற்றார். என் பார்வையில் பேரரசு வீழ்ந்தது அந்த இரவில்தான். அரியணையைக் காப்பதற்காக ஒரு படை அனுப்பப்பட்டது. அந்தப் படை போனதும் அரியணையும் போயிற்று. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கோட்டைச்சுவர் எழுதியது:

தொடுவானம் ஐயா கூறும் அரசியல் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு படை தவறான இடத்துக்குப் போய்ச் சேர்வது வேறு. ஒரே நாளில் இல்லாமற்போவது வேறு. இரண்டாவதை விளக்க ஆயுதங்களைப் பற்றிப் பேசாமல் முடியாது.

காலாட்படையின் துப்பாக்கியில் பிரான்ஸே மேம்பட்டிருந்தது. ஷாஸ்போ துப்பாக்கி 1,200 மீட்டர் தொலைவுக்கும் பயன்பட்டது. பிரஷ்யரின் ட்ரைசே ஊசித் துப்பாக்கி ஏறத்தாழ 600 மீட்டரோடு நின்றுவிடும். ஆகஸ்ட் மாதப் போர்களில் ஜெர்மானியக் காலாட்படை கொடுத்த உயிர்ப்பலிக்கு இதுவே காரணம். அந்தப் பாடத்தை அவர்கள் விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். செடானில் காலாட்படையை முன்னே தள்ளாமல், பீரங்கிகளை நீண்ட வரிசைகளாகக் குன்றுகளின் மேல் நிறுத்தி, ஷாஸ்போவின் எல்லைக்கு அப்பாலிருந்தே பிரெஞ்சுப் படையை நொறுக்கினார்கள்.

பிரஷ்யரின் பீரங்கி எஃகால் ஆனது, பின்புறமாகக் குண்டு நிரப்பப்படுவது. அதன் குண்டு தரையில் மோதியவுடன் வெடிக்கும். பிரெஞ்சுப் பீரங்கியோ வெண்கலத்தால் ஆனது, வாய்வழியாக நிரப்பப்படுவது. அதன் குண்டுகளில் பெரும்பாலானவை நேரத்திரி கொண்டவை என்பதால், முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஓரிரு தொலைவுகளில் மட்டுமே சரியாக வெடித்தன. இடைப்பட்ட தொலைவில் இருந்த எதிரிக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை. இத்தகைய பீரங்கிகளோடு குன்றுகள் சூழ்ந்த செடான் என்ற கிண்ணத்தின் அடியில் அகப்பட்ட படைக்கு, விளிம்பில் நிற்பவன் மேல் திருப்பிச் சுடவும் வழியில்லை. கிழக்கே ஜிவோன் ஓடைக்கு அப்பாலிருந்தும், தெற்கே ஃப்ரெனுவாக் குன்றுகளிலிருந்தும், வடமேற்கே ஃப்ளுவான் பக்கமிருந்தும் வந்த குண்டுகள் கரேன் காட்டில் ஒதுங்கியிருந்த வீரர்கள்மீது ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு திசைக்கு முதுகு காட்டி ஒளிந்தவன் இன்னொரு திசைக்கு நெஞ்சைக் காட்டி நின்றான். இதைச் செய்தது பேரரசியின் அச்சம் அன்று.

வரைபடப்பிரியர் எழுதியது:

ஒரு கேள்வி. மக்மகோனின் படை ஆகஸ்ட் 31ஆம் நாள் முழுவதும் செடானிலேயே இருந்திருக்கிறது. மெசியேருக்கு ஒரு நாள் நடை தொலைவுகூட இல்லை. 27ஆம் நாள் எடுத்த தவறான முடிவை 31ஆம் நாளிலாவது திருத்தியிருக்கலாமே? அன்று அந்தப் படை என்ன செய்துகொண்டிருந்தது?

தொடுவானம் எழுதியது:

நல்ல கேள்வி. அன்று அந்தப் படை ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. முதல் நாள், ஆகஸ்ட் 30 அன்று, ஜெனரல் ஃபாயியின் ஐந்தாம் படைப்பிரிவு போமோனில் காவல் இன்றி முகாமிட்டு நண்பகல் உணவு சமைத்துக்கொண்டிருந்த வேளையில் ஜெர்மானியப் பீரங்கிகள் அதன்மேல் சுடத் தொடங்கின. அந்தக் குழப்பத்திலிருந்து இரவெல்லாம் நடந்து வந்தவர்களுக்கு உணவும் உறக்கமும் வேண்டியிருந்தன. எதிரி எவ்வளவு அருகில், எவ்வளவு பெருந்தொகையில் இருக்கிறான் என்பதை மக்மகோன் உணரவில்லை. கிழக்கே போவதா மேற்கே போவதா என்பதையும் அவர் முடிவு செய்யவில்லை.

எதிர்ப்பக்கத்தில் நிலை வேறு. பிரெஞ்சுப் படை மெட்ஸை நோக்கித் திரும்பிவிட்டது என்பதை மோல்ட்கே உளவர்களைக் காட்டிலும் செய்தித்தாள்கள் வழியாகவே உறுதி செய்துகொண்டார் என்பதும், ஆகஸ்ட் 25 இரவில் பாரிஸை நோக்கிச் சென்றுகொண்டிருந்த படைகளை வடக்கே திருப்பினார் என்பதும் நன்கு அறியப்பட்டவை. இத்தனை பெரிய படைகளைச் சில நாட்களுக்குள் செங்கோணமாகத் திருப்பி ஆர்கோன் காடுகளின் வழியே நடத்திச் சென்றதை நான் பீரங்கிகளைவிடப் பெரிய சாதனையாக மதிக்கிறேன். 31ஆம் நாள் ஜெர்மானியப் படையின் பவேரியர்கள் செடானை அடுத்த பசேய் கிராமத்தருகே ரயில் பாலத்தைத் தகர்க்கப்படுமுன் கைப்பற்றினார்கள். மேற்கே டோன்ஷெரிப் பாலமும் தகர்க்கப்படாமல் நின்றது. அன்றிரவே பட்டத்து இளவரசர் ஃப்ரீட்ரிஷின் படை அதைக் கடந்து மெசியேர்ச் சாலையை நோக்கி நகர்ந்தது. செப்டம்பர் 1 விடிந்தபோது வளையத்தின் இரு கைகளும் ஏற்கெனவே நீண்டிருந்தன.

பிறகு நடந்ததைச் சொல்ல மனம் கனக்கிறது. காலை ஆறு மணி அளவில் பசேய்க்கு அருகே குண்டுச் சிதறல் பட்டு மக்மகோன் காயமடைந்தார். பொறுப்பை ஜெனரல் டியூக்ரோவிடம் ஒப்படைத்தார். டியூக்ரோ நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டு மேற்கே பின்வாங்க உடனே ஆணையிட்டார். அல்ஜீரியாவிலிருந்து இரண்டு நாள் முன்புதான் வந்து சேர்ந்திருந்த ஜெனரல் விம்ப்ஃபென், மக்மகோனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தலைமை தமக்கே உரியது என்று பாலிகாவோ எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக் காட்டி, டியூக்ரோவின் ஆணையை நீக்கி, கிழக்கே பசேய்ப் பக்கம் போரிடச் சொன்னார். காலை ஒன்பது மணிக்குள் மூன்று தளபதிகள், ஒன்றுக்கொன்று எதிரான ஆணைகள். நண்பகல் அளவில் வடக்கே இலி கிராமத்துக்கு அருகில் இரு ஜெர்மானியப் படைகளும் கைகோத்தன. அந்தக் கடிதமும் பாரிஸிலிருந்து வந்ததே என்பதைக் கோட்டைச்சுவர் ஐயா கவனிக்க வேண்டும்.

காரைக்கால் வாசகி எழுதியது:

நான் பாரிஸ் பக்கத்தைக் கொஞ்சம் பேச விரும்புகிறேன், ஏனெனில் பேரரசு என்ற ஆட்சி முறை முடிந்த இடம் அதுதான். செப்டம்பர் 3ஆம் நாள் செய்தி உறுதியானது. அன்று நள்ளிரவுக்குப் பின் கூடிய சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ழூல் ஃபாவ்ர் பேரரசரையும் அவர் வம்சத்தையும் நீக்கும் தீர்மானத்தை முன்வைத்தார். 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மக்கள் கூட்டம் சட்டமன்றத்துக்குள் புகுந்தது. குடியரசுவாதி கம்பெத்தா முதலியோர் நகர மாளிகைக்குச் சென்று குடியரசை அறிவித்தனர். தேசியப் பாதுகாப்பு அரசுக்கு ட்ரோஷு தலைவரானார். பேரரசரைக் காக்க வேண்டி ஷாலோனிலிருந்து ஆளுநராக அனுப்பப்பட்ட அதே ட்ரோஷு! இரத்தம் சிந்தவில்லை. பேரரசி அரண்மனையின் பின்வழியாக வெளியேறி, அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவரின் உதவியோடு இங்கிலாந்து சென்றார். பதினெட்டு ஆண்டு ஆட்சியைக் காக்க ஒரு காவலர் அணிகூட அன்று துப்பாக்கியை உயர்த்தவில்லை.

போரில் தோற்ற மன்னர்கள் எல்லோரும் அரியணை இழப்பதில்லை. 1806இல் யேனாவில் பிரஷ்யா நொறுங்கியது. மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் மன்னராகவே நீடித்தார். 1866 ஜூலை 3ஆம் நாள் கோனிக்ராட்ஸில் ஆஸ்திரியா தோற்றது; ஃப்ரான்ஸ் யோசஃப் அதன்பின் ஐம்பது ஆண்டு ஆண்டார். அவர்களுடைய உரிமை பரம்பரையில் வேரூன்றியது. போனபார்ட் குடும்பத்துக்கு வெற்றியும் வாக்கெடுப்பும்தான் உரிமை. முதலாம் நெப்போலியனும் வாட்டர்லூவில் 1815 ஜூன் 18இல் தோற்றபின் தலைநகருக்குத் திரும்பினார். அங்கே மன்றங்கள் கைவிட்ட பிறகே ஜூன் 22இல் பதவி துறந்தார். அந்த நாட்களை யூஜினி மறந்திருக்க முடியாது. ஆகவே அவருடைய அச்சம் அடிப்படையற்றது அன்று. அதற்கு அவர் தேடிய மருந்துதான் தவறு.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1848 குடியரசு புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சு இந்தியாவுக்குப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் இடத்தை அளித்தது. பேரரசு அதைப் பறித்தது. பேரரசு வீழ்ந்தபின் 1871இல் அந்த இடம் திரும்பக் கிடைத்தது. 1880இல் நகராட்சி மன்றங்களும் வந்தன. செடானை எங்கோ நடந்த ஒன்றாக என்னால் படிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

கோட்டைச்சுவர் எழுதியது:

அம்மா அவர்களின் கடைசிப் பத்தி எனக்குப் புதிய செய்தி; மிக்க நன்றி. ஆனால் கோனிக்ராட்ஸ் ஒப்புமையை நான் ஏற்கவில்லை. அங்கே தோற்ற ஆஸ்திரியப் படையின் பெரும்பகுதி எல்பே ஆற்றைக் கடந்து தப்பியது. பேரரசர் வியன்னாவில் இருந்தார். கையில் படை இருந்ததால் அவரால் பேச்சுவார்த்தை நடத்த முடிந்தது. செடானில் பிரெஞ்சுத் தரப்பில் சுமார் 3,000 பேர் இறந்தனர், 14,000 பேர் காயமுற்றனர், போரின்போதே 21,000 பேர் பிடிபட்டனர், சரணடைவில் மேலும் 83,000 பேர் கைதாயினர். ஜெர்மானியர் இழப்பு மொத்தம் ஏறத்தாழ 9,000. எஞ்சிய மற்றொரு படை மெட்ஸுக்குள் முற்றுகையில் கிடந்தது. இவ்வாறு நாட்டின் நிலைப்படை முழுவதையும் இழந்த எந்த அரச வம்சமும், எத்தனை நூற்றாண்டுப் பழமை உடையதாயினும், தலைநகரில் நிலைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. பரம்பரையா வாக்கெடுப்பா என்பதைவிட, படை தப்பியதா இல்லையா என்பதே இங்கு முக்கியம்.

நடுநிலை வாசகர் எழுதியது:

எல்லோரும் அரசையும் ஆயுதத்தையும் பேசுகிறீர்கள். அந்த மனிதரைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். சிறுநீர்ப்பைக் கல்லின் கடும் வேதனையோடு குதிரைமேல் அமர்ந்து, அந்தக் காலை முழுவதும் குண்டுகள் விழும் இடங்களில் அவர் சுற்றினார்; அருகில் இருந்தவர்கள் வீழ்ந்தார்கள். சாவைத் தேடினார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வில்ஹெல்முக்கு அவர் எழுதிய கடிதத்தின் முதல் வரியும், தம் படையினரிடையே சாக முடியாமற்போனதால் தம் வாளை மன்னரின் கையில் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றே கூறுகிறது.

பிற்பகலில் வெள்ளைக் கொடி ஏற்றச் சொன்னவர் அவர்தான். விம்ப்ஃபென் அதை ஏற்காமல், சில ஆயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு பலான் வழியாக உடைத்துக்கொண்டு போக முயன்று தோற்றார். பேரரசர் கோழை என்று பாரிஸ் பின்னர் ஏசியது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அப்போது ஃப்ளுவான் சரிவில் ஜெனரல் மார்கரீத்தின் குதிரைப்படை மீண்டும் மீண்டும் பாய்ந்து அழிந்திருந்தது. மார்கரீத்தே உயிர்போகும் காயம் பட்டார். எதிர்க்குன்றிலிருந்து பார்த்த வில்ஹெல்ம் மன்னர் அவர்களின் வீரத்தை வாய்விட்டுப் பாராட்டியதாகச் சொல்வர். பசேயில் கடற்படைக் காலாட்படையினர் வீடு வீடாகப் போரிட்டார்கள், ஊர் எரிந்தது, பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். நகருக்குள் பல்லாயிரம் வீரர்கள் தெருக்களில் நெருக்கியடித்து நின்றபோது குண்டுகள் கூரைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தன. இன்னும் இரண்டு மணிநேரம் சண்டை நீண்டிருந்தால் கிடைத்திருப்பது பெருமை அன்று, பிணக்குவியலே. கட்டளையிடும் அதிகாரம் சட்டப்படி தமக்கு இல்லாதபோதும் அந்த ஒரு கட்டளையை இட்டதுதான் அவர் ஆட்சியின் கடைசி வாரங்களில் செய்த மனிதத்தன்மையுள்ள செயல் என்று நான் கருதுகிறேன்.

வரைபடப்பிரியர் எழுதியது:

அதிகாரம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் பேரரசர்தானே?

நடுநிலை வாசகர் எழுதியது:

படைத் தலைமையை ஆகஸ்ட் 12ஆம் நாளே பசேனிடம் ஒப்படைத்துவிட்டார். ஆட்சிப் பொறுப்பு யூஜினியிடம் இருந்தது. ஷாலோன் படையோடு அவர் சென்றது தலைமை தாங்க அன்று. அவரைப் பாரிஸ் ஏற்கவில்லை, அதனால் படையோடு சென்றார். அவருடைய பணியாளர் வண்டிகளும் பொருட்சுமைகளும் நெருக்கடியான சாலைகளில் படைக்கு இடைஞ்சலாக இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொடுவானம் எழுதியது:

நடுநிலை வாசகர் எழுதியதை வரிக்கு வரி ஏற்கிறேன். அது என் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது. அரசராக ஆளவும் முடியாமல், தளபதியாக நடத்தவும் முடியாமல், தம் பெயரில் இயங்கும் அரசுக்குப் பயந்து ஒரு படையின் வாலில் பயணம் செய்தவரை, செப்டம்பர் 1ஆம் நாள் காலையிலேயே பேரரசர் என்று அழைப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

கோட்டைச்சுவர் ஐயா படை தப்புவதே முக்கியம் என்றார். அதற்கு ஒரு சான்று அருகிலேயே உள்ளது. ஜெனரல் வினுவாவின் பதின்மூன்றாம் படைப்பிரிவின் ஒரு பகுதி மெசியேருக்கு வந்து சேர்ந்திருந்தது. செடானின் முடிவை அறிந்தவுடன் அவர் பாரிஸை நோக்கித் திரும்பி, துரத்தி வந்தவர்களை ஏமாற்றிவிட்டுத் தம் படையைத் தலைநகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முற்றுகையின்போது பாரிஸைக் காத்தவர்களில் பயிற்சி பெற்ற சில படைகளுள் அதுவும் ஒன்று. 27ஆம் நாள் மக்மகோன் இட்ட பின்வாங்கும் ஆணை நின்றிருந்தால், அந்த வழியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்திருப்பார்கள். எதிரியின் பீரங்கிகள் அப்போதும் சிறந்தவையாகவே இருந்திருக்கும்; ஆனால் மியூஸ் வளைவின் அடியில் அவற்றின் முன் நிற்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 1ஆம் நாள் இரவு டோன்ஷெரியில் சரணடைவுப் பேச்சு நடந்தது. ஒருபுறம் மோல்ட்கேயும் பிரஷ்யத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கும். மறுபுறம் விம்ப்ஃபெனும், பேரரசரின் சார்பில் ஜெனரல் காஸ்தெல்நோவும். பேரரசர் தம் வாளை ஒப்படைத்திருப்பதால் படைக்கு மரியாதையான நிபந்தனைகள் தர வேண்டும் என்று காஸ்தெல்நோ கேட்டபோது, அது யாருடைய வாள், பிரான்ஸின் வாளா, பேரரசரின் வாளா என்று பிஸ்மார்க் வினவினார். பேரரசருடையது மட்டுமே என்று காஸ்தெல்நோ விடையளித்தார். பிஸ்மார்க்குக்கு வேண்டியிருந்தது அமைதி ஒப்பந்தம். அதில் கையெழுத்திட உரிமை உள்ள ஒருவரை அவர் தேடினார். மறுநாள் காலை டோன்ஷெரிச் சாலையோரத்தில் ஒரு நெசவாளியின் வீட்டில் பிஸ்மார்க்கைச் சந்தித்த நெப்போலியன், ஆட்சி பாரிஸில் இருக்கிறது, கைதியாகிய தம்மால் அமைதி பேச முடியாது என்று கூறிவிட்டார். அதனால்தான் இந்தப் போர் பேரரசரின் ஆட்சியை முடித்தது, ஆனால் யுத்தத்தை முடிக்கவில்லை. மெட்ஸ் அக்டோபர் 27இல் வீழ்ந்தது; பாரிஸ் ஜனவரி 28 வரை பசியோடு நின்றது; இடையில் 1871 ஜனவரி 18இல் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. பிறகு வந்த ஃபிராங்க்ஃபர்ட் ஒப்பந்தம் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் பறித்து 500 கோடி ஃபிராங்க் இழப்பீட்டையும் சுமத்தியது.

சட்டப்படி முடிவு எப்போது என்று யாரேனும் கேட்டால், அது செடானிலும் இல்லை, செப்டம்பர் 4இலும் இல்லை. 1871 மார்ச் 1ஆம் நாள் போர்தோவில் கூடிய தேசிய மன்றம்தான் மூன்றாம் நெப்போலியனும் அவர் வம்சமும் நீக்கப்பட்டதை உறுதி செய்து, நாட்டின் அழிவுக்கும் படையெடுப்புக்கும் பிரிவினைக்கும் அவரே பொறுப்பு என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தில் பாலிகாவோவின் தந்தி இடம்பெறவில்லை. நான் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் அதை வாசிக்கக் கேட்டிருப்பேன்.

காரைக்கால் வாசகி எழுதியது:

வாசித்திருந்தால், அந்தத் தந்திக்கு முன்பே மக்மகோன் மறுத்திருக்கலாமே என்ற கேள்வியும் எழுந்திருக்கும். களத்தில் இருந்தவர் அவர். நிலைமையை அறிந்தவரும் அவர். அவரைப் பிரான்ஸ் மன்னித்தது மட்டும் அன்றி 1873இல் குடியரசின் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. பசேன்மீதோ அதே ஆண்டு படைத்துறை நீதிமன்றத்தில் வழக்கு நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதைச் சிறைத்தண்டனையாகக் குறைத்தவர் மக்மகோன். பசேனின் தண்டனைக்கு மெட்ஸில் அவர் சரணடைந்ததே போதிய காரணம் என்பதை நான் அறிவேன். ஆயினும் செடானுக்குப் படையை நடத்திச் சென்றவரின் பொறுப்பை அளக்காமல் இந்த விவாதத்தை என்னால் விட முடியவில்லை. 27ஆம் நாள் இரவு அவர் ஆணையைத் திரும்பப் பெற்றதைப் பணிவு என்று கொள்வதா, கடமை தவறியது என்று கொள்வதா? என் விடை இரண்டாவது.